செக்கர் பூனையின் கைத்தடி

நகரப் பேருந்துகளில் டிக்கெட் சோதிப்பது அவர் வேலை. நியமன உத்தரவில் அவருடைய பதவிக்கு ஒரு முழ நீளத்துக்குப் பெயர் இருந்தது. பயணிகள் செக்கர் என்றார்கள். கண்டக்டர்களும் டிரைவர்களும் தங்களுக்குள் பூனை என்றார்கள். சில சமயம் அவர் காதுபடவும் சொன்னார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான்.

பெயரைப் பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். ஒல்லி உடம்பு, ரப்பர் அடி வைத்த கான்வாஸ் ஷூ, கசங்காத சட்டை. திருப்பத்தில் பேருந்து மெதுவாகும் இடம் எது என்பது ஒவ்வொரு தடத்திலும் அவருக்கு அத்துபடி. அங்கே ஒரு மின்கம்பத்துக்குப் பின்னால் நிற்பார். கம்பத்தைவிட அவர் ஒல்லி என்று டிரைவர்கள் சொல்வார்கள். பேருந்து திரும்பி நிமிர்வதற்குள் பின்படியில் இருப்பார். ஏறியது ஒருவருக்கும் தெரியாது. காதுக்குப் பக்கத்தில், ரகசியம் சொல்வது போல, "டிக்கெட் காட்டுங்க" என்று குரல் வரும்போதுதான் தெரியும். டிக்கெட் வைத்திருந்தவர்களே சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒருவர் டிக்கெட்டை உதட்டில் கவ்விக்கொண்டு பையில் எதையோ துழாவிக்கொண்டிருந்தார். பூனையின் குரல் கேட்ட அதிர்ச்சியில் டிக்கெட்டை விழுங்கிவிட்டார். விழுங்கியதைக் கண்ணால் பார்த்ததாகப் பூனையே சாட்சி சொல்லி அவரை விட்டுவிட்டார். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்.

அவர் மனைவிக்கு ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. பார்வை மங்கியதை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கண்ணாடி விற்பதில் அந்த அம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. "எனக்கு எதுக்குக் கண்ணாடி" என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், சற்று நேரத்தில் இரண்டு ஃபிரேமைக் கையில் வைத்துக்கொண்டு எது தன் மூக்குக்கு எடுப்பு என்று கவலைப்படத் தொடங்கியிருப்பார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். பூனைக்குச் சறுக்கும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. ஓடுகிற பேருந்தில் ஒரு நாளும் தடுமாறாத கால், ஒரு விடுமுறை நாள் காலையில் சொந்தக் குளியலறையில் சோப்பு மேல் போய் நின்றது. பிறகு நிற்கவில்லை. வலது இடுப்பு எலும்பு முறிந்தது. தகடு வைத்து ஸ்க்ரூ போட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த டிப்போக்காரர்களிடம் பூனை வேறு கதை சொன்னார்.

"ஓடுற பஸ்ல இருந்து ஒருத்தன் குதிச்சான். விடுவேனா? நானும் பின்னாடியே குதிச்சேன்."

பக்கத்தில் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமல் சொன்னாள்: "அந்த ஒருத்தன் பச்சையா, வழவழன்னு, நல்ல வாசனையா இருந்தான். இன்னும் நம்ம பாத்ரூம்லதான் இருக்கான். போய்ப் புடிச்சுட்டு வாங்க."

கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கியதில் ஒருவருக்கு இருமலே வந்துவிட்டது.

நடைப்பயிற்சி கொடுக்க வந்த பெண் அதிகம் பேசாதவள். பேசினால் திருப்பிப் பேச இடம் இருக்காது. நாலு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் அவர் நடக்கப் பழகிய பிறகு ஒரு நாள் சொன்னாள்: "இனிமே கைத்தடி போதும் சார். இடது கையில புடிக்கணும்."

"அடிபட்டது வலது பக்கம்மா."

"அதனாலதான் இடது கை. நீங்க நடக்கும்போது வலது காலோட எந்தக் கை முன்னாடி போகுது? பாருங்க. வலது கால் வைக்கிறப்போ தடியும் கூடவே போய் பாரத்தை வாங்கிக்கும். படி ஏறும்போது நல்ல கால் முதல்ல. இறங்கும்போது அடிபட்ட காலும் தடியும் முதல்ல."

இடது கை என்பதைக்கூட அவர் ஒத்துக்கொண்டார். தடி என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஐம்பதைத் தாண்டியவர்தான், ஆனால் ஒரு மின்கம்பத்துக்குப் பின்னால் ஒளியக்கூடிய ஐம்பது அது. கையில் தடியோடு தெருவில் போவதை நினைத்தாலே அவருக்கு முகம் சுருங்கியது.

வீட்டில் கொக்கிப் பிடி வைத்த நீளக் குடை ஒன்று இருந்தது. அதை ஊன்றிக்கொண்டு தெருவில் நடக்க ஆரம்பித்தார். தடி வேறு, குடை வேறு. குடை வைத்திருப்பவனை யாரும் பாவமாகப் பார்ப்பதில்லை என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் அனல் பறக்கிற வெயிலில் ஒரு மனிதர் தினமும் மடக்கிய குடையோடு போவதைப் பார்த்த எதிர்வீட்டம்மாள், எதற்கும் இருக்கட்டும் என்று மாடியில் காயப்போட்ட துணிகளை எடுத்தாள். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மாள் எடுத்தாள். கொஞ்ச நாள் அந்தத் தெருவில் மழையே இல்லாமல் மழைக்காலம் நடந்தது.

குடையின் முடிவு ஒரு பேருந்தில் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், நல்ல கூட்டம். டிரைவர் பிரேக் போட்டதும் குடையின் நுனி தரையின் வரிப்பள்ளத்தில் வழுக்கியது. பூனை கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். கைப்பிடியில் பொத்தான் இருந்தது. குடை படீரென்று விரிந்து முன்சீட்டுக்காரர்களை மொத்தமாக மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் நிதானமாகக் கேட்டது: "யாருங்க லைட்ட அணைச்சது?"

மடக்கி எடுப்பதற்குள் இரண்டு கம்பிகள் வளைந்துவிட்டன. அன்று சாயங்காலமே மனைவி அவரைக் கைத்தடி விற்கிற கடைக்கு அழைத்துப் போனாள்.

மருத்துவச் சாமான்கள் விற்கும் கடை அது. ஒரு பக்கம் சக்கர நாற்காலிகள், ஒரு பக்கம் இடுப்புப் பட்டைகள். மூலையில் ஒரு மர ஸ்டாண்டு நிறையக் கைத்தடிகள். பூனை அந்த மூலையைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறிக்கூட நின்றார்.

"வாங்கணும்னு இல்லங்க," என்றாள் மனைவி. "சும்மா கையில புடிச்சுப் பாருங்க. புடிக்கலன்னா போயிடலாம்."

"இதே வசனத்தை நீ உன் கடையில சொல்றத நான் கேட்டிருக்கேன்."

"என் கடையில கேட்டவங்க வாங்காமப் போனாங்களா?"

அவர் ஒன்றை எடுத்தார். அலுமினியத் தடி, பொத்தானை அழுத்தினால் உயரம் கூடும், குறையும். குழாய் ரிப்பேர் செய்யப் போகிற மாதிரி இருக்கிறது என்று வைத்துவிட்டார். அடியில் நாலு கால் விரிந்த தடி ஒன்று, கையை எடுத்தாலும் தானாக நின்றது. "இதுவே நிக்குது, இதுல எனக்கு என்ன வேலை?" என்றார். மடக்குத் தடியைக் கடைக்காரர் ஒரு உதறு உதற, அது சடசடவென்று முழு நீளத்துக்கு நிமிர்ந்தது. குடை நினைவுக்கு வந்து இவர் ஓரடி பின்வாங்கினார். கிளி மூக்குப் பிடி, வாத்துத் தலைப் பிடி எல்லாம் இருந்தன. வாத்து தன்னைப் பார்த்துச் சிரிப்பது போல அவருக்குப் பட்டது.

கடைசியில் கருஞ்சிவப்பு மரத்தில் ஒன்று கிடைத்தது. அலங்காரம் ஏதுமில்லை. பிடி மட்டும் உள்ளங்கைக்கு அளவெடுத்தது போல வளைந்திருந்தது. அதைப் பிடித்தவர் கீழே வைக்கவில்லை.

"ஷூ போட்டபடியே நேரா நில்லுங்க. கையைத் தொங்கப் போடுங்க," என்றார் கடைக்காரர். தடியைத் தலைகீழாகப் பூனையின் பக்கத்தில் நிறுத்தி, மணிக்கட்டில் ரேகை ஓடும் இடத்துக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டு, அந்த இடத்தில் அறுத்தார். நுனியில் ஒரு ரப்பர் புஷ் மாட்டினார். பூனை கண்ணாடி முன்னால் நின்றார். ஒரு பக்கம் திரும்பினார். மறுபக்கம் திரும்பினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் கம்பீரமா இருக்கு, இல்ல?" என்று கேட்டார்.

மனைவி அதற்குள் கல்லாவுக்குப் போய்விட்டிருந்தாள்.

வேலைக்குத் திரும்பியபோது டிப்போ மேலாளர் அவருக்கு நேரக் கண்காணிப்பு அறையில் ஒரு நாற்காலி ஒதுக்கி வைத்திருந்தார். பருத்த மனிதர், நல்லவர். ஆனால் எதையும் எண்ணிக்கையில் பார்க்கிறவர்.

"உனக்கு ஓய்வு வேணும்யா. இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு எப்படி ஓடிப் புடிப்ப?"

"நான் என்னைக்கு சார் ஓடிப் புடிச்சேன்? நின்னு புடிக்கிற ஆளு நான்."

மேலாளர் யோசித்தார். ஓடுகிற வண்டியில் ஏறக் கூடாது, நிலையத்தில் நிற்கிற வண்டியில்தான் ஏற வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுப்பி வைத்தார்.

முதல் நாளே கோளாறு தெரிந்துவிட்டது. பேருந்தின் படி இரும்புத் தகடு, உள்ளே வெற்று. ரப்பர் மாட்டிய தடிகூட அதில் பட்டதும் டொம் என்றது. நல்ல காலை வைத்து ஏறித் தடியை ஊன்றுவார், டொம். அடுத்த படி, டொம். அவர் மேலே வந்து சேர்வதற்குள் முன்வாசல் வழியாகச் சிலர் அவசர வேலை நினைவுக்கு வந்தவர்கள் போல இறங்கிப் போய்க்கொண்டிருப்பார்கள். ஒரு வாரம் முழுக்க ஓசிப் பயணிகளின் முதுகைத்தான் அவரால் பார்க்க முடிந்தது.

டிப்போவில் டீ குடிக்கும் இடத்தில் இதுதான் பேச்சு. "பூனைக்கு யாரு மணி கட்டுறதுன்னு இத்தனை வருஷமா யோசிச்சோம். சோப்பு கட்டிடுச்சு," என்றார் ஒரு டிரைவர். "தடியெடுத்தவன் எல்லாம் தண்டல்காரன்னு சொல்வாங்க. நம்ம தண்டல்காரரே தடி எடுத்துட்டாரு," என்றார் இன்னொருவர். பூனையும் சிரித்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் அவர் தடியின் நுனிக்குப் பழைய காலுறை ஒன்றை மாட்டி ரப்பர் வளையம் சுற்றினார். சத்தம் அடங்கியது. கூடவே பிடிமானமும் போனது. மறுநாள் நிலையத்தின் வழவழத் தரையில் தடி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் போக, டீக்கடைக்காரர் ஓடிவந்து தாங்கிக்கொண்டார். அடுத்த பரிசோதனையில் நடைப்பயிற்சிப் பெண் காலுறையை இரண்டு விரலால் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"சத்தம் வராம நடக்கணும்னா சார், வீட்டுல படுத்திருங்க. சத்தமே வராது."

அன்றைக்குத்தான் அவர் மனம் உடைந்தார். அந்த நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துவிடலாம் என்று மனைவியிடம் சொன்னார். அவளுக்கும் அன்று விற்பனை வசனம் எதுவும் தோன்றவில்லை. "ரெண்டு நாள் பொறுங்க," என்று மட்டும் சொன்னாள்.

அந்த இரண்டு நாளுக்குள் விசில் அக்கா வந்து பேசினாள். நீளமான தடம் ஒன்றின் கண்டக்டர் அவள். விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாலும் ஊதியதே இல்லை. "போலாம்" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் பக்கத்துப் பேருந்தும் சேர்ந்து கிளம்பும்.

"அண்ணே, தினமும் என் வண்டியில ஏறுங்க," என்றாள்.

"எதுக்கும்மா? நான் ஏறினா ஓசிக்காரன் எல்லாம் இறங்கிடுறான்."

"இறங்குறவன் நாலு பேரு. மிச்சப் பேரைப் பார்த்திருக்கீங்களா? நீங்க பின்னாடி ஏறுறீங்க, நான் முன்னாடி இருக்கேன். அந்த டொம் கேட்டதும் என்னைச் சுத்தி எத்தனை கை நீளுது தெரியுமா? 'ஒண்ணு குடும்மா, நானே கேக்கணும்னு இருந்தேன்'னு சொல்றாங்க. தொண்டை கிழியக் கத்துனப்போ ஜன்னல் வழியா மேகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தவங்க அண்ணே அவங்க."

பூனை அவளை நம்பாமல் பார்த்தார். பிடிக்கிறவர் பிடிக்கவில்லை என்றால் அது தோல்வி என்றுதான் இத்தனை காலமும் அவருக்குத் தெரியும். பிடிக்க ஆளே இல்லாமல் போவது என்ன கணக்கு என்று அவருக்குப் புரியவில்லை.

மேலாளருக்கும் புரியவில்லை. பூனை பிடித்துக் கொடுத்த வழக்கு ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்று கூப்பிட்டுக் கேட்டார். பூனை தலையைக் குனிந்துகொண்டு நிற்க, விசில் அக்காதான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னாள். மேலாளர் நம்பவில்லை. நேரில் பார்க்கிறேன் என்றார்.

மறுநாள் சாதாரணச் சட்டையில், யாருக்கும் சொல்லாமல், விசில் அக்காவின் வண்டியில் நடுவில் ஒரு ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். கூட்டம் ஏறியது. அக்கா கத்திக்கொண்டிருந்தாள், ஜன்னலோரம் வழக்கம் போல மேகங்களை ரசித்துக்கொண்டிருந்தது. வண்டி கிளம்பவிருந்த நேரத்தில் பின்படியில் டொம் என்றது. பேருந்துக்குள் ஒரு சலசலப்பு. பைகள் திறந்தன. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மடியைத் தடவினார்கள். இரண்டாவது டொம். மேலாளரின் கையும் தன்னை அறியாமல் தன் சட்டைப் பைக்குப் போனது. அங்கே இருக்க வேண்டிய இலாகா பாஸ் இல்லை. அது சீருடைச் சட்டையில், டிப்போவில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பேன்ட் பையைத் தடவினார். எழுந்து நின்று பின்பையைத் தடவினார். நெற்றியில் வேர்வை அரும்பியது. பூனை ஒவ்வொரு சீட்டாக வந்துகொண்டிருந்தார்.

"பாஸ் இல்லன்னா டிக்கெட் எடுத்துடுங்க சார்," என்றாள் விசில் அக்கா, மிகவும் மரியாதையாக. "அண்ணன் வந்துட்டார்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மேலாளர் டிக்கெட் எடுத்தார். பூனை வந்து நின்று, "டிக்கெட் காட்டுங்க" என்று ரகசியமாகக் கேட்டபோது, காட்டவும் செய்தார். பூனை அதை வாங்கி இருபுறமும் பார்த்து, திருப்பிக் கொடுத்து, அடுத்த சீட்டுக்குப் போனார். நாற்காலிப் பேச்சு அதோடு நின்றது.

தடி வந்த பிறகு இன்னொன்றும் நடந்தது. முன்பெல்லாம் பேருந்தில் அவரோடு யாரும் பேசியதில்லை. செக்கரோடு யார் பேசுவார்கள்? இப்போது சோதனை முடிந்ததும் யாராவது நகர்ந்து இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்தால் பேச்சு வந்தது. பெரும்பாலும் தடிக்காரர்கள். உங்களுடையது எந்த மரம், என்னுடையது லேசு, ரப்பர் எங்கே வாங்கினீர்கள் என்று ஆரம்பிக்கும். தடியைத் தப்பான கையில் பிடித்திருக்கிறார் என்று அவரைத் திருத்த வந்தவர்கள் ஏராளம். ஆரம்பத்தில் எல்லோருக்கும் விளக்கினார். பிறகு, "அப்படியா, கவனிக்கிறேன்" என்று சொல்லக் கற்றுக்கொண்டார்.

அந்தப் பேச்சுகள் எங்கே ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில் வந்து முடிந்தன: ஏறுவதுதான் பெரும்பாடு. டிரைவர்கள் வண்டியை நடைமேடையை ஒட்டி நிறுத்துவதில்லை. நடுத்தெருவில் நிறுத்தினால் படி மார்பளவுக்குத் தெரிகிறது. பூனை இத்தனை வருடம் அந்தப் படியில் பாய்ந்து ஏறியவர். அதற்கு உயரம் என்று ஒன்று இருப்பதை அவர் கவனித்ததே இல்லை. இப்போது இடுப்பே அவருக்கு அளந்து சொன்னது. டிரைவர்களிடம் சொல்லிப் பார்த்தார். "சரிண்ணே" என்றார்கள். மறுநாளும் நடுத்தெருவில்தான் நிறுத்தினார்கள்.

அவர் மேலாளரிடம் போனார். டிக்கெட் எடுத்த நாளிலிருந்து மேலாளருக்கு அவரிடம் கொஞ்சம் தயக்கம் உண்டு. கேட்டது கிடைத்தது: ஒரு காலி வண்டி, டிப்போ முற்றம், ஒரு மதிய நேரம், ஓய்விலிருக்கும் டிரைவர்கள் அனைவரும்.

வண்டியை மேடையிலிருந்து ஒரு நல்ல எட்டு தள்ளி நிறுத்தச் சொன்னார். பிறகு, "யாராவது ஒருத்தர் வாங்க," என்றார். மலை என்று பெயரெடுத்த டிரைவர்தான் முன்வந்தார். ஆள் மலை மாதிரி. டீ குடிக்கும் இடத்தில் சோப்புக் கிண்டல் அடித்ததும் அவர்தான். பூனை அவருடைய வலது முழங்காலுக்கு இரண்டு பக்கமும் மரச்சட்டம் வைத்து, மடக்க முடியாதபடி துணியால் கட்டினார். கையில் தடியைக் கொடுத்தார்.

"பஸ்ல ஏறுங்க. கூட்டம் பின்னாடி தள்ளுதுன்னு வெச்சுக்குங்க."

"இதென்ன பெரிய வித்தையாண்ணே?" என்று மலை கிளம்பினார். தடி அவர் கையில் பல்குச்சி மாதிரி இருந்தது. விறைத்த காலை முதலில் தூக்கிப் படியில் வைத்தார். அது ஏறியது. உடம்பு ஏறவில்லை. ஒரு கை கம்பியில், ஒரு கை தடியில், ஒரு கால் மேலே, ஒரு கால் தெருவில். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் பணிமனையிலிருந்து மெக்கானிக்குகள் எட்டிப் பார்த்தார்கள்.

"நல்ல காலை முதல்ல வைங்க," என்றார் பூனை மெதுவாக.

"எது நல்ல காலுன்னே மறந்து போச்சுண்ணே. யாராவது பின்னாடி புடிங்கப்பா."

நாலு பேர் சேர்ந்து அவரை மேலே தள்ளினார்கள். கண்டக்டர் சீட்டில் போய் விழுந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும் ஏறிப் பார்த்தார்கள். சிரிப்பு போகப் போகக் குறைந்துகொண்டே வந்தது.

மறுநாள் காலை, சந்தைப்பக்க நிறுத்தத்தில் மலையின் வண்டி நடைமேடையை எவ்வளவு ஒட்டி வந்தது என்றால், காத்திருந்தவர்கள் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தார்கள். நாலுகால் தடி வைத்த அம்மாள் ஒருத்தி நகரவில்லை. தடியைத் தூக்கிப் படியில் வைத்துப் பார்த்தாள். எட்டியது. நல்ல காலை வைத்தாள், மற்ற காலை இழுத்துக்கொண்டாள், ஏறிவிட்டாள். ஏறியவள் டிரைவர் பக்கம் திரும்பி, "என்னப்பா, இன்னைக்குத்தான் கண்ணு தெரியுதா?" என்று கேட்டாள்.

மலை நேராகச் சாலையைப் பார்த்தபடி இருந்தார். முன்சீட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பூனை, டிக்கெட் கேட்க வாயெடுத்தார்.

"முதல்ல உக்கார விடுங்க," என்றாள் அந்த அம்மாள்.

அவள் உட்காரும் வரை அவர் நின்றார்.